பச்சை பெயிண்டுக்கு உள்ளே

என் பெரியவளுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். சின்னவள் தூங்கிவிட்டாள், அப்பா தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறார், நான் அடுப்படி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே பதறுவாய். நீயும் ஒரு கீறல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாயங்காலத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போன் பண்ணிப் பார்த்தேன், எடுக்கவில்லை, ராத்திரி ஷிப்டு என்றால் போன் லாக்கருக்குள் போய்விடும் என்று எனக்கும் தெரியும், தெரிந்தும் மறுபடி மறுபடி பண்ணினேன். குரல் பதிவு அனுப்பினால் நீ கேட்க மாட்டாய், புலம்பலை எழுதியே அனுப்பும்மா, எழுதினால் சுருக்கமாக வரும் என்பாய். போனிலேயே எழுதுகிறேன், சுருக்கமாக வராது. அதனால் முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் படி: அப்பா அனுப்பின அந்தப் பச்சை ஸ்டாண்டுகள் மேல் நிற்கிற வண்டிக்கு அடியில் போகாதே. கையைக்கூட நுழைக்காதே.

இப்போது நீ சிரிப்பாய். அப்பாவும் நீயும் சேர்ந்து எனக்கு அபாயச் சங்கு என்று பேர் வைத்தவர்கள்தானே, மேகம் கறுத்தால் ஊதுவேன், பால் பொங்கினால் ஊதுவேன். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, ஒரு கையில் பௌதிகப் புத்தகமும் மறு கையில் உன் பால் புட்டியுமாகக் காலேஜை முடித்தவளுக்குப் பயம் கூடப்பிறந்தது மாதிரி ஆகிவிட்டது, என்ன செய்வது. ஆனால் இன்றைக்கு ஊதுவது பழக்கத்தால் இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், மழைக்கு முன்னால் அந்தத் தள்ளுபடிக் கடையில் பாதி விலைக்கும் கீழே டூல்ஸ் போட்டார்கள் என்று அப்பா ஆள் உயரத்துக்குப் பெட்டிகளோடு வந்தார். கார் சர்வீஸ் செண்டரில் ஒரு தடவை அழுகிற காசுக்கு ஷெட்டையே ஒரு ஒர்க்‌ஷாப்பாக மாற்றிவிடலாம் என்று கணக்குச் சொன்னார், வருஷத்துக்கு ஒரு தடவை தொடுகிற சாமானுக்குத் தங்க விலை எதற்குடி என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்தச் சுத்தியல் நன்றாகத்தான் இருக்கிறது, கொக்கி வைத்த விளக்கு இன்றும் எரிகிறது, வண்டிக்கு அடியில் விரிக்கிற பாய், எண்ணெய் பிடிக்கிற தட்டு, புனல், இதெல்லாம் மலிவுக்கு மோசமில்லை. ஜாக்கியால் தூக்கின வண்டியைத் தாங்கி நிற்கிற கார் ஸ்டாண்டு மட்டும் இரண்டு ஜோடி வாங்கினார், ஒரு ஜோடி நமக்கு, ஒரு ஜோடி உனக்கு. பழைய காரை வாங்கி நீயே பிரித்து மேய்கிறாய் என்று அவருக்கு ஒரே பெருமை, என் பெண்ணுக்கு நகை வேண்டாம் நட்டு போல்ட்டு போதும் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். அப்புறம் வழக்கம் போல எல்லாவற்றுக்கும் பச்சை அடித்தார். பக்கத்து வீட்டு வாத்தியார் இரவல் வாங்கினால் திருப்பித் தருவது அடுத்த பிறவியில்தான், பச்சை இருந்தால் அவர் வீட்டு வாசலில் நின்றே இது எங்களுது சார் என்று சொல்லலாம் என்பது உங்கள் அப்பாவின் தத்துவம். உனக்கு அனுப்புகிற ஜோடிக்கு யார் வந்து இரவல் கேட்கப் போகிறார்கள் என்று கேட்டேன். குடும்பக் கலருடி, இருக்கட்டும் என்று அதற்கும் இரண்டு கோட்டிங் கொடுத்துக் காயவைத்துத்தான் பார்சல் கட்டினார்.

இன்று மத்தியானம் அப்பா ஆயில் மாற்ற வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி அந்த ஸ்டாண்டுகளில் நிறுத்தினார், நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அடியில் படுத்துக்கொண்டு ஆயில் நட்டைத் திருகினவர் கையில், அதே பெட்டியில் வந்த ராட்செட் ஸ்பேனர் பல் உடைந்து வெறுமனே சுற்ற ஆரம்பித்தது. கடைக்காரனையும் அவன் பரம்பரையையும் திட்டிக்கொண்டே வெளியே ஊர்ந்து வந்து, பழைய ஸ்பேனரைத் தேடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். அப்போதுதான் சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, கனத்த கதவை யாரோ மெதுவாகச் சாத்தின மாதிரி. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு ஸ்டாண்டு காலைப் பரப்பிக்கொண்டு கிடக்கிறது, வண்டி ஒரு பக்கமாகத் தரையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அப்பா தலை வைத்துப் படுத்திருந்த பாய் அதற்கு அடியில் மடங்கிக் கிடந்தது. உடைந்த மட்ட ஸ்பேனர்தான் அவரை வெளியே இழுத்துப் போட்டது, நினைத்தால் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை.

உன் அப்பாவைத் தெரியுமே. தரை கொஞ்சம் சாய்வு, நான்தான் சரியாக வைக்கவில்லை, பெட்டியிலேயே எத்தனை டன் தாங்கும் என்று போட்டிருக்கிறானே என்றார். பெரியவகிட்ட சொல்லிவைக்காதே, கையே ஓடாது அவளுக்கு, அப்புறம் ஸ்க்ரூ திருகவே பயப்படுவாள் என்றார். நான் உடைந்த காலை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். வெல்டிங் விட்டுப்போன இடத்தில் ஒரு ஓரம் மட்டும் வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது, அது இன்றைக்கு உடைந்த இடம். மற்றதெல்லாம் பச்சை. உள்ளே, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே, பச்சை. யோசித்துப் பார், சேர்ந்திருக்கிற இடத்துக்குள் பெயிண்ட் எப்படிப் போகும்? அப்பா பிரஷ் பிடித்த அன்றைக்கே அது பிளந்திருந்தால்தான் போகும். கடையிலிருந்து வரும்போதே விரிசலோடு வந்திருக்கிறது, அதன் மேல் அழகாக இரண்டு கோட்டிங் அடித்து மூடியிருக்கிறோம். அப்பாவிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தரை சாய்வு என்று இந்தத் தடவை சொல்லவில்லை. எழுந்து வெளியே போனார். பிறந்த நாளுக்குக்கூட நீ கூப்பிட்டால்தான் பேசுகிற மனுஷன், வாசலில் நின்று உனக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லாக்கரைத் திறந்ததும் அவர் நம்பரையும் பார்ப்பாய். எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அவரைக் கேட்காதே, பாவம்.

அதற்குள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது நீ அனுப்பின படம் வந்தது. இரண்டு முன் சக்கரமும் கழற்றி, வண்டி அந்தப் பச்சைக் கால்கள் மேல் நிற்கிறது, கீழே நீ எழுதியிருக்கிறாய், காலையில் வந்ததும் தூங்காமல் சைலன்சரை இறக்கிவிடுவேன், அப்பாவிடம் சொல்லு, அவர் ஸ்டாண்டு பாறை மாதிரி நிற்கிறது என்று. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்க ஸ்டாண்டில், கால் சேர்கிற இடத்தில் மெல்லியதாக ஒரு கோடு தெரிகிறது. பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த முடியாகவும் இருக்கலாம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகிவிடுகிறது, எதுவென்று சொல்ல முடியவில்லை.

உன்னோடு தங்கியிருந்த பெண்ணும் போன மாதம் காலி பண்ணிவிட்டாள், அந்த வீட்டில் கூப்பிட எனக்கு வேறு நம்பர் இல்லை. உன் கம்பெனி நம்பரைத் தேடிப் பிடித்து அடித்தேன், அலுவலகம் மூடியிருக்கிறது என்று ஒரு பதிவுக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. கராஜில் நீ தனியாள் என்பதுதான் என் நெஞ்சை அரிக்கிறது. இங்கே அப்பா கத்தினால் நான் ஓடுவேன். அங்கே நீ ஷட்டரை வேறு இறக்கிவிட்டுப் பாட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்வாய்.

அதனால் நான் சொல்வதைக் கேள். ஷட்டரைத் திறக்கவே வேண்டாம், வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. நீயே வண்டியை இறக்கப் பார்க்காதே, ராத்திரி முழுக்க முழித்த கண்ணோடு ஜாக்கியைத் தொடாதே. எழுந்து முகம் கழுவிக்கொண்டு, தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவருடைய ஸ்டாண்டைக் கொண்டுவரச் சொல்லி, அவரை வைத்து இறக்கு. அவர் சிரித்தால் சிரிக்கட்டும். இறக்கினபிறகு இரண்டு ஸ்டாண்டிலும் எல்லாக் காலிலும் பெயிண்டைச் சுரண்டிப் பார், பார்த்துவிட்டு நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடு. இனி எது வாங்கினாலும் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இது உடைகிறபோது நான் எங்கே இருப்பேன் என்று ஒரு நிமிஷம் யோசி. கையில் உடைந்தால் திட்டிவிட்டு வேறு வாங்கலாம். தலைக்கு மேலே உடைகிற சாமானை மலிவில் வாங்காதே, பார்சலில் அப்பாவே அனுப்பினாலும் வாங்காதே.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அக்கா வந்தால் பொந்து வழியாக நாக்கை நீட்டிக் காட்டப் போகிறேன் என்று கண்ணாடி முன்னால் பழகுகிறாள். அப்பா இப்போது எழுந்து ஷெட் பக்கம் போகிறார், டார்ச் வெளிச்சம் தெரிகிறது, மீதிக் கால்களையும் சுரண்டப் போகிறார் போல. நான் தடுக்கவில்லை.

நீ எங்கே இருந்தாலும் உன் தலைக்கு மேலே இருப்பது எல்லாம் உறுதியாக இருக்கட்டும் மகளே, நீண்ட ஆயுசோடு, கை கால் சுகத்தோடு இரு. நேரத்துக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும் உடனே பதில் போடு, ஒரு வரி போதும்.

உன்
அம்மா