கற்கண்டுத் தட்டு

கண்டி, வெள்ளிக்கிழமை இரவு

நாட்டின் பொருளாதாரம் சரிந்ததிலிருந்து யாரும் காணி நிலம் வாங்குவதில்லை. எங்கள் பெரிய சட்ட நிறுவனம் காணி உறுதிப் பத்திரம் எழுதும் பிரிவை மூடி, எங்களை வங்கிகளின் கடன் வழக்குகளுக்கு மாற்றிவிட்டது.

இன்று கெலிஓயாப் பலசரக்குக் கடை முருகேசு அண்ணன் வந்தார். அவருடைய கடைக்கு உறுதி எழுதியவள் நான். காணி வாங்கியவர்கள் உறுதி எழுதியவருக்குத் தரும் வழக்கப்படி, அன்று போலவே தட்டில் வெற்றிலையும் கற்கண்டும் வைத்து நீட்டினார்.

"கடைய ஏலம் போடப் போறாங்க மிஸ். உங்க கை ராசியான கை. நீங்களே பேசிக் காப்பாத்துங்க."

ஏலம் கேட்கும் வங்கிக்கு நான்தான் சட்டத்தரணி என்று சொன்னேன்.

"பரவாயில்லைங்க மிஸ், உங்களுக்காவது வேல இருக்கே," என்றார். தட்டைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் கற்கண்டைப் பார்த்ததும் மகள் துள்ளினாள்.

"இன்னைக்கு யாரும்மா காணி வாங்கினாங்க?"