மாட்டுங்கா ஈக்களின் குளிர்காலம்

அன்புத் தோழி,

இன்று காலை ஆய்வகத்தில் மக்காச்சோள மாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் சேர்ந்து பழ ஈக்களுக்கான கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. செம்பூர் முழுக்க மணக்கிறது என்று நீ அளப்பாயே, அதே வாசனை. மூக்கில் ஏறியதும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னது சரிதான்டி. நம் ஈக்கள் தூங்கிவிட்டன.

குளிரே இல்லாத ஊரில் ஈக்கு எதற்குக் குளிர்காலத் தூக்கம் என்று குழுவே சிரித்தது. நீ விடவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பழக் கூடைமேல் மொய்த்தவற்றைப் பிடித்து வந்தாய். தாராவிக்காரிப் பிடிவாதம்! "சாவி அதுக கிட்ட இருக்கு ஏட்டி. பூட்ட வேண்டிய நாளு இங்க வரல, அம்புட்டுதான்."

குளிர்பெட்டிக்குள் பகலைக் குறைத்து இரவை நீட்டினோம். நீண்ட இரவை ஈயின் மூளையிலுள்ள கடிகார மரபணுக்கள் அளந்துகொள்ளும். இன்சுலின் சமிக்ஞை அடங்கும். இளமை ஹார்மோன் வற்றும். பெண் ஈயின் சினைப்பையில் முட்டை வளராமல் நிற்கும். அதுதான் அதன் தூக்கம். ஆனால் அறுத்துப் பார்த்தபோதெல்லாம் உள்ளே முட்டைகள்தான். உன் முகம் தொங்கிப்போனது.

அப்போது மே மாதம். எல்லோருடைய தண்ணீர் பாட்டிலும் அந்தப் பெட்டிக்குள்தான். நமக்கு மத்தியானம் என்றால் ஈக்களுக்கு நடுநிசி. கதவைத் திறந்தபோதெல்லாம் ட்யூப்லைட் வெளிச்சம் உள்ளே பாய்ந்திருக்கிறது. உன் மோர் பாட்டிலை எடுக்கக் கையை விட்டவள் அப்படியே நின்றாய். "நம்ம தாகத்துக்கு அதுக ராத்திரியக் கெடுத்திருக்கோம் ஏட்டி" என்று வருத்தமே இல்லாமல் துள்ளினாய். உடனே கதவில் தமிழில் எழுதி ஒட்டினாய்: "புள்ளைக உறங்குது." நம் இருவரைத் தவிர அங்கே யாருக்கும் தமிழ் வாசிக்க வராது. ஹிந்தியில் எழுதச் சொன்னேன். புரியாவிட்டால்தான் பயந்துபோய்த் திறக்கமாட்டார்கள் என்றாய். அப்படியே ஆயிற்று.

அடுத்த சுற்றுக்கு நீ இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவேயில்லை. எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

நேற்று அறுத்துப் பார்த்தேன். மாட்டுங்கா ஈக்கள் பலவற்றில் சினைப்பை முட்டையில்லாமல் சுருங்கிக் கிடந்தது. கடிகார மரபணு ஒன்றை முடக்கியிருந்த, அதே மார்க்கெட் வம்சத்து வேறு ஈக்களிலோ முட்டைகள் கொழுத்திருந்தன. சாவி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதும் தெரியத் தொடங்கிவிட்டது! மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து ஓடினேன். உன் நாற்காலி வரை வந்த பிறகுதான் நின்றேன்.

இப்போதெல்லாம் என் பாட்டில் மேசையிலேயே கிடந்து வெந்நீராகிறது. அதைத்தான் குடிக்கிறேன். நாளை, உறங்கும் ஈக்களில் மீதியை வெதுவெதுப்புக்கு மாற்றிப் பகலை நீட்டப்போகிறேன். விழித்து முட்டையிடும். அந்த வம்சத்துக்கு உன் பெயர்தான். குப்பிகளின் மேல் தமிழிலேயே எழுதப்போகிறேன். வாசிக்கத் தெரியாதவர்கள் பயந்து தொடாமல் இருக்கட்டும்.