பிரதீபாவுக்கு எழுதிய இரங்கல்

அம்மா,

வாய்க்கால் தகராறில் ஒருவர் செத்தால், அடித்தவர் யாரென்று தெரிந்தாலும், "வழுக்கி விழுந்துட்டாருங்களாமே" என்றுதான் நம் ஊரில் துக்கம் கேட்க வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்.

வாய்க்காலில் செத்துப்போன குப்பண்ணனின் மனைவி பிரதீபாவுக்கு இரங்கல் கடிதம் எழுதச் சொன்னீர்கள். "இலக்கியம் படிச்சவதானே, நாலு வரி நோகாம எழுது. உங்கண்ணன் பேரு வரப்படாது" என்றீர்கள். ஏழு முறை எழுதிக் கிழித்தேன். அந்த அக்காவுக்கு ஆறுதல் தரக்கூடிய உண்மை ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால், நான் அங்கே இருந்தேன் என்பதும் வெளிப்பட்டுவிடும்.

அண்ணன் எழுந்ததும் சோறு போடுங்கள். அவன் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது. வக்கீல் பாலக்காட்டிலிருந்து பதினொரு மணிக்கு வருவார். மாட்டுக் கட்டுத்தரையில் சாக்குக்குள் இருக்கும் மண்வெட்டியைக் கழுவாதீர்கள். ரத்தமும் மயிரும் ஒட்டியபடியே இருக்கட்டும். நேற்று நீங்கள் என்னை அறைந்ததில் எனக்குக் கோபமில்லை.

கடிதத்தை எழவு வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் நானே வாசிக்கப் போகிறேன்.

செல்வப்பிரியா

பி.கு.: ஊர் சொல்லி நீங்கள் அறிய வேண்டாம் என்பதால் அந்தக் கடிதத்தை இங்கேயே எழுதுகிறேன்.

"அக்கா, அவர் வழுக்கி விழவில்லை. தண்ணீர் முறைக்காக என் அண்ணன் பூபதிராஜா மண்வெட்டியால் அவர் மண்டையில் மூன்று முறை அடித்தான். நான் ஓடிப்போய் அவர் தலையை மடியில் ஏந்திக்கொண்டேன். உங்கள் பெயரைச் சொன்னார். அவர் தனியாகச் சாகவில்லை."