டேஷ்போர்டுக்குள் கிடைத்த தாள்

சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, நீங்களே சூடு பண்ணிக்குங்க. நாலு மணிக்கு மெக்கானிக் வருவார். கார் சாவி எதிர்வீட்டு டீச்சர்கிட்ட இருக்கு. மெக்கானிக் கையில மட்டும்தான் கொடுக்கணும்னு சொல்லியிருக்கேன், நீங்க போய் நிக்காதீங்க.

கண்ணாடி துடைக்கத் துணி தேடினப்ப டேஷ்போர்டுக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்ட இன்ஸ்பெக்‌ஷன் தாள் கிடைச்சுது. பிரேக் பேட் தேஞ்சு இரும்பு தெரியுதாம், முன்பக்க ஷாக் அப்சர்பர்ல எண்ணெய் ஒழுகுதாம். தேதி போன மாசம் மூணு. பிரேக் கீச்சுங்குதுன்னு நான் சொன்னப்பல்லாம், "உனக்கு ஓட்டத் தெரியல"ன்னு சிரிச்சீங்க.

நானும் சின்னவளும் பஸ்ல போறோம்.

பி.கு: "பிள்ளையோட அலையாதே, காரை நீயே வெச்சுக்கோ"ன்னு பெரிய மனசு பண்ணி நீங்க பஸ் ஏற ஆரம்பிச்சது அதே மாசம் நாலாம் தேதி.