காகிதத்துக்கு ஒன்றும் ஆகாது

அம்மாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலத்தை மிச்சம் பிடிக்காமல் தேய்த்துக்கொள்.

மறைந்த பேராசிரியர்களின் கடிதங்களைக் கல்லூரி நிலவறையில் பெட்டி பெட்டியாக அடுக்குவதுதான் என் வேலை. அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க மாட்டார்கள், காகிதம் நனைந்துவிடுமாம். மணி அடிக்கும், காவலாளி கதவைப் பூட்டுவார், பூட்டியதும் காற்றை விரட்டும் வாயு இறங்கும். "பேப்பருக்கு ஒண்ணும் ஆகாது தம்பி, மனுஷனுக்குத்தான் மூச்சு நின்னுடும்" என்று காவலாளி முதல் நாளே சொல்லிவைத்தார்.

போன வாரம் ஒரு வேடிக்கை. ஒரு பேராசிரியர் தன் அம்மாவுக்கு எழுதியதைப் படித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஆள் அசைந்தால்தான் அங்கே விளக்கு எரியும், அதனால் அணைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. இருட்டாக இருக்கவே, ஆளில்லை என்று காவலாளி கதவைச் சாத்தினார். ஓடிப்போய்க் காலை நுழைத்தேன். செருப்பு பிய்ந்ததோடு சரி. தீ எதுவும் இல்லை, மணியில்தான் கோளாறு. மேலதிகாரி வந்து, "பெட்டியெல்லாம் பத்திரமா?" என்று கேட்டார்.

நேற்றும் தானாக அடித்தது. பழுது பார்க்க இன்னும் யாரும் வரவில்லை. விளக்கு அணையாமலிருக்கத் தலையாட்டிக்கொண்டே படிக்கிறேன், யாரோ பேசுவதற்கு ஆமாம் போடுவது போல.

கீழே இறங்க நேரமாகிவிட்டது. வேலை முடிந்ததும் தினமும் கூப்பிடுகிறேன். கூப்பிடாத அன்றைக்குக் காவலாளிக்குப் போன் போடு, நம்பர் பின்பக்கம் இருக்கிறது. நலம் விசாரித்துக்கொண்டிருக்காதே. உள்ளே ஆள் இருக்கா என்று மட்டும் கேள்.

உன் மகன்