இடம் நான்கு

செம்மலைத் தோட்டம்,
கீழ்க்கணக்கு.
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி துஷாந்துக்கு,

அக்கா ஜெயந்தினி எழுதுவது. நீ சுகமாக இருப்பாய். இங்கே சுகமில்லை. செவ்வாய்க்கிழமை போனை வெட்டியது நான்தான். மறுபடி பேசினால் நீ சமாதானம் சொல்லுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். முழுவதும் வாசி.

பக்கத்துக் காம்பராவில் இருக்கிற வினோதாவின் எட்டு மாதப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் வயிற்றோட்டம். கண் உள்ளே போய்விட்டது. இன்னும் சேலைன் ஏறுகிறது. தாய் கொழுந்துக்குப் போனதும் பிள்ளைக்காம்பராவில் அந்தப் பிள்ளைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தது நான். விறகு ஈரமாக இருந்த நாட்களில் தண்ணீர் சரியாகக் கொதிக்காமலே கரைத்திருக்கிறேன். என் பங்கை நான் மறைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற செந்தூரன் சேர், பிள்ளைகள் அடுத்தடுத்து விழுகிறார்களே என்று போனில் தேடிப் பார்த்திருக்கிறார். உன் ஆராய்ச்சிக் கட்டுரை அகப்பட்டது. ஆங்கிலம். வரி வரியாகத் தமிழில் சொன்னார். மழை நாளில் டவுன் வடிகான்களில் ஓடும் தண்ணீர் கராஜ் எண்ணெயையும் மலக்குழி வழிசலையும் அள்ளிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, மண்ணில் ஊறி, ஊற்றுகளில் சேர்கிறதாம். நீ தண்ணீர் எடுத்த ஐந்து இடங்களில் 'இடம் நான்கு' மிக மோசம். மலக்கிருமி, நைத்திரேற்று என்று எண்கள். தோட்டத்தின் பேர் இல்லை. சிறுவர் நிலையத்துக்கு ஊற்று நீர் தரும் பீலி, பழைய மாட்டுத் தொழுவத்துக்குக் கீழே என்று மட்டும் இருந்தது. வாசித்து முடித்த பிறகு சேர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாசியில் நம் பிள்ளைக்காம்பராப் பீலியில் நீ போத்தல்களை நிரப்பியபோது குடை பிடித்தது நான்தானே? சோதனை சித்திரையில் முடிந்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறாய். இப்போது ஐப்பசி. ஆறு மாதமாக இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறேன்.

ஆடித் திருவிழாவுக்கு வந்தபோது ஆறு பெரிய போத்தல் தண்ணீர் கொண்டுவந்தாய். வயிறு சரியில்லை என்றாய். கொழும்புத் தண்ணீருக்குப் பழகிவிட்டான் என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே பீலித் தண்ணீரை மொண்டு குடித்தாள். நீ பார்த்துக்கொண்டு இருந்தாய். மற்றதையெல்லாம் ஒரு நாள் மறப்பேன், இதை எப்படி மறப்பது?

பேர் போடுவதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தோட்டத்துக்குள் விட்டார்கள், முடிவை வைகாசியிலேயே மேனேஜர் துரையிடம் கொடுத்துவிட்டேன் என்று போனில் சொன்னாய். "அக்கா, பேரப் போட்டா இனி எந்தத் தோட்டத்துக்குள்ளயும் என்ன விட மாட்டாங்க" என்றாய். துரைக்குச் சொல்ல உனக்கு வாய் இருந்தது. கூடப் பிறந்தவளுக்குச் சொல்ல இல்லை.

புதன்கிழமை ஒருத்தியும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவில்லை. நாற்பது பேர் ஆபீஸ் முன்னால் நின்றோம். சேர் உன் கட்டுரையிலிருந்து எழுதித் தந்ததை நான் நீட்டினேன். துரை அதைப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம தோட்டத்துப் பேரு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். உன் படிப்பு என்னை அத்தனை பேர் முன்னால் வாயடைக்க வைத்தது. பீலியை முள் வெட்டிப் போட்டு நாங்களே அடைத்துவிட்டோம். மேல்கணக்குப் பிரிவு ஊற்றிலிருந்து குடத்தில் சுமக்கிறோம். பிள்ளைக்காம்பரா வேலையிலிருந்து என்னை நிறுத்தப் போவதாக, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம். அதற்குள் நீ ஒன்று செய். இடம் நான்கு என்பது செம்மலைத் தோட்டத்துப் பீலி என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கீழே உன் கையெழுத்தை வைத்து, சுகாதாரப் பரிசோதகருக்கும் எனக்கும் அனுப்பு. பட்டம் போனால் போகட்டும் என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் படிப்புக்காக அம்மா எத்தனை மழையில் கொழுந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

வினோதாவிடம் நீ முன்பே அறிந்திருந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. அதை நீயே வந்து சொல்ல வேண்டும்.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மாரியம்மனைக் கும்பிட்டேன். கோபத்தோடுதான் கும்பிட்டேன். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

உன் அக்கா,
ஜெயந்தினி