அருவி மேட்டில் உம்மைச் சுமந்தவர்

உமது முப்பத்தோராம் நாள் நினைவுமலர் கொழும்பு வெள்ளவத்தையில் என் மேசையில் கிடக்கிறது. நடுப்பக்கத்தில், மலைமேல் ஏரிக்கரையில், இடுப்பில் கைவைத்து நிற்கிறீர். கீழே ‘இயற்கையின் காதலர்’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. செத்தவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடாதுதான். ஆனால் புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பது வருடம் உமக்குப் பக்கத்தில் நின்று வழக்குப் பேசிய சட்டத்தரணிக்கு அந்த உரிமையாவது இருக்கட்டும்.

இயற்கையா? நான்கு வருடங்களுக்கு முன் நாம் இருவரும் அந்த ஏரிக்குப் போன பயணம் முழுக்க உம்மைத் தவிர வேறெதையும் நீர் பார்க்கவில்லை. அருவிச் சத்தத்தையும் மீறி உமது குரல்தான் கேட்டது. வழிகாட்ட வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி செல்வராஜ், ஏரியிலிருந்து திரும்பும்போது வானத்தைக் காட்டினார். “மேல மழை புடிச்சிருச்சுங்க. ஆத்துல இறங்க வேணாம், சுத்திப் போயிருவோம்.”

நீர் என் பக்கம் திரும்பி, அவருக்குக் கேட்கும்படியாகவே இளக்காரமாகச் சொன்னீர்: “தோட்டக்காட்டான் சொல்லியோ நாங்கள் நடக்கிறது?”

இறங்கினீர். பாசிக்கல் வழுக்கியது. அருவி விழும் விளிம்பு பத்தடி தூரம்கூட இல்லை. செல்வராஜ் பாய்ந்து சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தார். கணுக்கால் முறிந்த உம்மை, காலில் அட்டைகள் தொங்கத் தொங்க, இரண்டு மணித்தியாலம் முதுகில் சுமந்து இறக்கினார். “மெல்ல நடடா” என்று வழி நெடுக அதட்டினீர்.

கொழும்பு திரும்பியதும், வழிகாட்டிதான் வெள்ளத்துக்குள் இறக்கினான் என்று தோட்ட நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதினீர். “சாட்சிக்கு நீரும் ஒரு கையெழுத்துப் போடும். சும்மா ஒரு போர்மாலிட்டி.” வழுக்கி விழுந்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு ஒரு மனிதனின் பிழைப்பில் கை வைத்தீர். அவ்வளவு சின்ன ஆள் நீர்.

நானும் கையெழுத்துப் போட்டேன்.

போன சனிக்கிழமை செல்வராஜைத் தேடிப் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வழிகாட்டும் வேலை, எங்கள் இருவரின் கையெழுத்திருந்த அந்த முறைப்பாட்டோடு போய்விட்டதாம். நீர் செத்ததைச் சொன்னேன். பிறகு உமது அற்பத்தனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் கோடரியை நிறுத்தவில்லை.

“அவரு விழுந்த ஆளு, ரோசத்துல எழுதியிருப்பாரு. நீங்க பக்கத்துல நின்னு பாத்த ஆளாச்சுங்களே” என்றார்.

நான் மலையை விட்டு இறங்கி வந்துவிட்டேன்.

உம்மை இகழ்வதை நான் விடப்போவதில்லை. ஆனால் இனி அதை இன்னொருவர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது.